அயூப் பாய் மாட்டிய ரப்பர்

சேலையூர் கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டாவது சந்தில் திரும்பினால் ஒற்றை ஷட்டர் கடை ஒன்று இருக்கும். போர்டில் 'அயூப் மரைன் ஒர்க்ஸ்' என்று எழுதி, பக்கத்தில் மீன்பிடி போட்டு மோட்டார் ஒன்றின் படமும் வரைந்திருந்தார்கள். வரைந்தவன் மோட்டாரைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் படம் பார்க்க மிக்ஸி மாதிரி இருந்தது. புதிதாக வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "பஞ்சர் போடுவீங்களா?" என்பார்கள். இன்னும் சிலர் மிக்ஸியையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கடல் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அந்தச் சந்தில் போட்டு மோட்டார் மெக்கானிக் ஒருவர் கடை போட்டிருப்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அயூப் பல்லாவரத்துக்காரர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினேழு வயதில் காசிமேட்டில் ஒரு பட்டறையில் சேர்ந்து, பதினைந்து வருடம் உப்புத் தண்ணீர் ஏறிய எஞ்சின்களோடே காலம் தள்ளியவர். கல்யாணம் ஆனது சேலையூரில். மனைவி சபீஹாவுக்கு அங்கே தையல் வாடிக்கை நிறைய இருந்தது. "என் கஸ்டமர என்னால கடலோரத்துக்குத் தூக்கினு வரமுடியாது. உங்க மோட்டாரு வேணா இங்க வரட்டும்" என்று அவள் சொல்லிவிட்டாள். மோட்டார்களும் வந்தன. கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் சுனாமிக்குப் பிறகு கிடைத்த ஃபைபர் போட்டுகள் நாற்பதுக்குக் குறையாது. அவற்றில் முப்பது போட்டின் மோட்டாருக்கு அயூப் கைதான்.

அதற்குக் காரணம் இரண்டு பழக்கங்கள். முதலாவது, டூப்ளிகேட் சாமான் மாட்டமாட்டார். புது சாமானை வாடிக்கையாளர் கண்ணெதிரே பிரித்து, கவரை அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். இரண்டாவது கொஞ்சம் விசித்திரமானது. உடைந்து வந்த சாமானை அவர் உடனே எறிவதில்லை. ஒரு வெள்ளை வேட்டித் துணியை விரித்து, உடைந்த துண்டுகளையெல்லாம் சேர்த்து, அது முழுசாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி அடுக்கிப் பார்ப்பார். முழுசாகச் சேர்ந்தால்தான் குப்பைக்குப் போகும். கம்பெனியில் பயிற்சி எடுத்துவந்த இளம் மெக்கானிக்குகள் இதைப் பார்த்து, "பாய் கோலம் போடுறாரு" என்று சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

2008-ஆம் வருடம் அக்டோபர் மாதம். ரம்ஜான் முடிந்து, ஆயுத பூஜையும் முடிந்திருந்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு குட்டி யானை லோடு வண்டி சந்துக்குள் பின்பக்கமாக வந்து நின்றது. மேலே ஒரு மோட்டார். அதைப் பிடித்தபடி இரண்டு பேர். ஒருவர் ஜெயவேலு, போட்டுக்குச் சொந்தக்காரர். மற்றவர் அதே போட்டில் கூட்டாளி எலியேசர். வண்டி நிற்பதற்கு முன்பே ஜெயவேலு ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா பாய், நோன்பு தூக்கத்துல மாட்டினியா? இல்ல பெருநாள் செலவுக்கு டூப்ளிகேட்டு மாட்டினியா?"

அயூபின் கையிலிருந்த டீ கிளாஸ் அப்படியே நின்றது. போன மாதம்தான், நோன்பின் கடைசி வாரத்தில், இதே மோட்டாருக்கு அவர் வாட்டர் பம்பு ரப்பரை மாற்றியிருந்தார்.

போட்டு மோட்டாருக்குக் காரில் இருப்பதுபோல் ரேடியேட்டர் கிடையாது. கடல் தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அதன் காலுக்குள் ஒரு சின்ன பம்பு உண்டு. அதில் ஆறு இதழ் கொண்ட பூ மாதிரி ஒரு ரப்பர். அது சுழன்று கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி, ஒரு செப்புக் குழாய் வழியாக மேலே எஞ்சினுக்கு ஏற்றும். ஏறிய தண்ணீரில் கொஞ்சம் பின்பக்கத்து ஓட்டை வழியாகத் தாரையாக வெளியே பீச்சும். "மோட்டாரு ஒண்ணுக்குப் போவுதா?" என்று குப்பத்தில் கேட்பார்கள். போகிறது என்றால் கவலையில்லை. நின்றுவிட்டால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெந்துவிடும்.

"நடந்தத சொல்லு, ஜெயவேலு."

"நடந்ததா? மூணு கல் தொலைவுல நின்னுப்போச்சு. புகை. தொட்டா கை பொசுங்குது. நானும் இவனும் துடுப்பு போட்டே கரைக்கு வந்தோம். தோளு ரெண்டும் கழண்டுபோச்சு."

"எனக்கு மூணு கழண்டுச்சு," என்றார் எலியேசர்.

"நீ சும்மா கெட. பாய், ஏலக் கொட்டாயில அத்தன பேரு முன்னால சொல்லிட்டேன். பாய் டூப்ளிகேட் ரப்பரு மாட்டிட்டாருன்னு. இனிமே உன் கடப் பக்கம் எவனும் வரமாட்டான்."

ஏலக் கொட்டகை என்பது கரையில் மீன் ஏலம் விடுகிற ஓலைக் கூரை. அங்கே காலையில் சொன்ன வார்த்தை மத்தியானத்துக்குள் பக்கத்து நான்கு குப்பங்களுக்கும் போய்விடும். அயூபுக்குக் காது சூடாகிவிட்டது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டானே! இருபத்தைந்து வருடத்தில் அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"கவரு வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

"கவரு கீது. கவரு ஒரிஜினலு. உள்ள இருந்தது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

உள்ளே தையல் மெஷினின் சத்தம் நின்றது. சபீஹா கதவோரம் வந்து நின்றாள். அயூப் அவளைப் பார்த்து வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மோட்டாரை ஸ்டாண்டில் ஏற்றினார்.

மோட்டாரின் காலைக் கழற்றி, பம்பைத் திறந்தார். ஆறு இதழில் முழுசாக நின்றது இரண்டுதான். மற்ற நான்கும் கிழிந்து, தேய்ந்து, ஓரமெல்லாம் பளபளவென்று கருகியிருந்தன. அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். உப்பு அரித்த ரப்பர் இப்படி இருக்காது. மணல் அரித்தாலும் இப்படி இருக்காது. தண்ணீரே இல்லாமல் சுழன்ற ரப்பர்தான் இப்படிக் கருகும்.

"தண்ணி இல்லாம ஓட்டியிருக்க."

"நானா? பாய், எங்க ஆத்தா மேல சத்தியமா சொல்றேன், ஓட்டல. நீ படிச்சிப் படிச்சி சொன்னது எனக்குத் தெரியாதா? தண்ணி இல்லாம ஓட்டினா ரப்பரு போயிடும்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும்."

அவர் சத்தியம் செய்த விதத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் மாதிரித் தெரியவில்லை. அதுதான் அயூபைக் குழப்பியது. ரப்பர் ஒன்று சொல்கிறது, மனுஷன் ஒன்று சொல்கிறார். இரண்டுமே பொய்யாகத் தெரியவில்லை.

"சரி," என்றார். "புது ரப்பர் ஒண்ணு மாட்றேன். இந்தா, நீயே பிரி."

ஜெயவேலு பிரித்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். அயூப் அதை மாட்டி, பம்பை மூடி, மோட்டாரின் காலைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கி ஸ்டார்ட் செய்தார். சந்து முழுக்கப் புகை. எதிர்வீட்டு மாடியில் ஜன்னல்கள் வரிசையாக மூடிக்கொண்டன. மூன்று பேரும் அந்தப் பின்பக்கத்து ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தாரை வந்தது. ஆனால் நூல் மாதிரி வந்தது. வந்த கொஞ்சமும் கொதித்தது.

"பாத்தியா?" ஜெயவேலு கையைத் தட்டினார். "எலியேசரு, நல்லாப் பாத்துக்கோ. என் கையாலயே பிரிச்சேன், அப்பவும் ஓடல. ரப்பர விடு, மெக்கானிக்கே டூப்ளிகேட்டு!"

அயூப் எஞ்சினை அணைத்தார். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, வெள்ளைத் துணியை எடுத்துத் தரையில் விரித்தார். கிழிந்த பழைய ரப்பரை நடுவில் வைத்தார். பம்புக்குள்ளிருந்து பொறுக்கி எடுத்த சின்னச் சின்ன கறுப்புத் துண்டுகளை ஊசி முனையால் நகர்த்தி, ஒவ்வொரு இதழோடும் பொருத்த ஆரம்பித்தார்.

"ஆரம்பிச்சிட்டாருடா கோலத்த," என்றார் ஜெயவேலு.

மூன்றாவது இதழ் சேர்ந்தது. நான்காவதும் சேர்ந்தது. ஐந்தாவதில் முனை இல்லை. ஆறாவதில் பாதியைக் காணோம். அயூப் துணியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார்.

"ரெண்டு துண்டு கொறயுது."

"கடல்ல போயிருக்கும்."

"எப்படிப் போவும்? பம்பு கீழேர்ந்து மேல தள்ளுது. அப்ப கிழிஞ்சதும் மேலதான் போவும். ரப்பர மாத்திட்டோம், ஆனா கிழிஞ்ச பழசு உள்ளயே ஒக்காந்துனு தண்ணிய மறிக்குது."

அவர் செப்புக் குழாயைக் கழற்றி, ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றினார். கம்பி நுனியில் நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு வந்தது. துணியில் வைத்தார். ஐந்தாவது இதழின் முனையில் அது அச்சாகப் பொருந்தியது. திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தபோது தாரை விரல் தடிமனுக்குப் பீச்சியது.

ஜெயவேலுவின் முகம் கொஞ்சம் இளகியது. "அட, நல்லாத்தான் போவுது! சரி குடு, வண்டில ஏத்து. எனக்கு நாளைக்குக் கடலுக்குப் போவணும்."

அயூப் எஞ்சின் தலையில் உள்ளங்கையை வைத்தார். இரண்டு எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தது.

"குடுக்கமாட்டேன்."

"இன்னா பாய் பேஜார் பண்ற? அதான் தாரை வருதே!"

"தண்ணி ஏறுது, ஆனா முழுசா சுத்தல. இன்னொரு துண்டு உள்ள கீது. இப்ப எடுத்துனு போனா ஒரு வாரம் ஓடும். அப்பறம் நடுக்கடல்ல நிக்கும். அப்ப நீ சொல்றது நெசமாவே ஆயிடும்."

அந்தத் துண்டு எங்கே சிக்கியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். எஞ்சின் தலையில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. சூட்டுக்குத் தகுந்தபடி திறந்து மூடி, தண்ணீரை வெளியே விடும். அதன் மூடியை இரண்டு போல்ட்டு பிடித்திருந்தது. இரண்டும் உப்பில் ஊறி, அலுமினியத்தோடு அலுமினியமாக ஒட்டிப்போயிருந்தன. அவசரப்பட்டுத் திருகினால் போல்ட்டின் தலை முறிந்து, மிச்சம் உள்ளேயே நின்றுவிடும். அப்படி நடந்தால் எஞ்சின் தலையையே மாற்ற வேண்டும். ஜெயவேலு அப்போது எந்தக் கொட்டகையில் நின்று என்ன சொன்னாலும் அயூபால் மறுத்துப் பேச முடியாது.

"ஒடஞ்சா?" என்று எலியேசர் மெதுவாகக் கேட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"ஒடஞ்சா என் பேரு கெட்டுப்போவட்டும்."

போல்ட்டுகளைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தார். "சாப்ட்டுட்டு வாங்க. இது அவசரத்துக்கு வராது" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மத்தியான லுஹர் தொழுகைக்குப் போனார். தொழுகையில் நின்றபோதும் அந்த இரண்டு போல்ட்டுதான் கண்ணில் நின்றது. அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது சபீஹா தட்டோடு காத்திருந்தாள்.

"இவ்ளோ பேசினவனுக்கு எதுக்குங்க இவ்ளோ மெனக்கெடுறீங்க? தாரை வருதுல்ல, குடுத்து அனுப்புங்க."

"நீ ஜாக்கெட்ல ஒரு கை தைக்காம குடுப்பியா?"

"அளவு எடுத்த என்னையே டூப்ளிகேட்டுன்னு சொன்னா, ரெண்டு கையும் தைக்கமாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

இரண்டு மணிக்கு வேலையில் உட்கார்ந்தார். ஜெயவேலுவும் எலியேசரும் எதிரே பெஞ்சில் இருந்தார்கள். ப்ளோ லாம்ப்பின் நெருப்பால் மூடியை ஒரு நிமிடம் சூடாக்கினார். பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு, அவிழ்ப்பதற்கு முதலில் ஒரு இழை இறுக்கினார். பிறகு ஒரு இழை தளர்த்தினார். திரும்ப இறுக்கி, திரும்பத் தளர்த்தினார். ஒவ்வொரு முறையும் 'க்ரிச்' என்ற சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஜெயவேலுவின் தோளும் குலுங்கியது. கால் மணி நேரத்தில் முதல் போல்ட்டு வந்தது. இரண்டாவதுக்கு முக்கால் மணி ஆனது. ஒருமுறை ஸ்பேனர் பட்டென்று நழுவ, மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். உடையவில்லை. வழுக்கியதுதான்.

மூடியைத் திறந்தார். வெள்ளையாக உப்பு பூத்துக் கிடந்தது. அதற்கு நடுவில், வால்வின் வாயை அடைத்தபடி, பாதி இதழ் ஒன்று மடிந்து உட்கார்ந்திருந்தது.

அதை எடுத்துத் துணியில் வைத்தார். ஆறாவது இதழும் முழுசானது. எதுவும் மிச்சமில்லை.

"முழுசா சேந்துடுச்சு," என்றார்.

ஜெயவேலு குனிந்து பார்த்தார். ரப்பரின் நடுவில் கம்பெனி எழுத்து பொறித்திருந்தது. அவர் பையில் வைத்திருந்த கவரிலும் அதே எழுத்து, அதே எண். கவரை எடுத்துப் பார்த்துவிட்டு, மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அயூபுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இது கிழிந்தது ஏன்? உப்பைச் சுரண்டி, வால்வைக் கழுவி, மூடியை மாட்டும்போதுதான் அது கண்ணில் பட்டது. எஞ்சினுக்கு அடியில், கம்பிகள் போகிற மூலையில், காய்ந்து சுருண்ட மஞ்சள் சாமந்தி இதழ்கள் நாலைந்து. மேல் மூடியின் எழுத்துப் பள்ளங்களில் சந்தனம்.

எப்படிக் கேட்பது என்று ஒரு நிமிடம் யோசித்தார். இன்னொருத்தர் சாமி விஷயம். வார்த்தை தவறக் கூடாது.

"ஜெயவேலு, ஆயுத பூஜ நல்லா நடந்துச்சா?"

"நல்லாவே நடந்துச்சு. அதுக்கு இன்னா இப்போ?"

"மோட்டார எங்க வச்சி கும்பிட்ட?"

"வூட்டு வாசல்ல. ஸ்டாண்டு போட்டு, மால போட்டு, எலுமிச்சம்பழம் வெட்டி... குப்பத்துலயே என் பூஜதான் பெருசு."

"ஸ்டார்ட் பண்ணியா?"

"பின்ன? ஸ்டார்ட் பண்ணாம மோட்டாருக்கு இன்னா பூஜ?"

"எவ்ளோ நேரம் ஓடுச்சு?"

"கற்பூரம் அணையற வரைக்கும். நடுவுல நிறுத்தினா ஆவாதுல்ல."

பெஞ்சில் எலியேசர் இருமினார். "மச்சான், நீ கொளுத்தினது ஒரு கட்டி இல்லியே. ஒரு டப்பா. உன் மச்சினன் செல்லுல படம் புடிச்சி முடிக்கறதுக்குள்ள எனக்குக் காது அடைச்சிப்போச்சி."

"ஜெயவேலு," என்றார் அயூப் மெதுவாக, "வாசல்ல தண்ணி இருந்துச்சா?"

ஜெயவேலுவின் வாய் திறந்தது.

"அது... அது ஓட்டறதா பாய்? அது பூஜ!"

எலியேசர் பெஞ்சிலிருந்து சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே சபீஹா சிரிக்கும் சத்தமும் கேட்டது. அயூப் சிரிக்கவில்லை. இந்த மனுஷன் செய்த சத்தியம் பொய்யில்லை என்பது அவருக்கு இப்போதுதான் விளங்கியது. ஓட்டுவது என்றால் கடலில் ஓட்டுவது. சாமி முன்னால் நடப்பது வேறு கணக்கு. 'தண்ணி இல்லாம ஓட்டாத' என்று நூறு முறை சொன்ன தானும், பூஜைக்கும் அதேதான் என்று ஒருமுறை கூடச் சொன்னதில்லையே என்றும் தோன்றியது.

"சாமிய நான் ஒண்ணும் சொல்லல," என்றார். "அடுத்த வருஷம் மோட்டார் கால ஒரு டிரம்முத் தண்ணில எறக்கி வச்சிட்டு, எத்தன டப்பா வேணா கொளுத்து. சாமியும் ஒண்ணும் சொல்லாது, ரப்பரும் ஒண்ணும் சொல்லாது."

மோட்டார் மறுபடி டிரம்மில் ஓடியது. தாரை நேராகப் பீச்சி ஷட்டர் வரைக்கும் தெறித்தது. கால் மணி நேரம் கழித்து எஞ்சின் தலையில் கையை வைத்தார். நிதானமாக எண்ண முடிந்தது. ஜெயவேலுவின் கையையும் பிடித்து அங்கே வைத்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

"அவ்ளோதானா?" சபீஹா வாசல் வரை வந்து கேட்டாள். "ஊரக் கூட்டித் திட்டினான். ஒரு மன்னிப்பு கூடக் கேக்கல."

"மோட்டார் சரியாயிடுச்சு."

"உங்க பேரு?"

அயூப் ஸ்பேனர்களைத் துடைத்து எடுத்து வைத்தார். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு கோவளத்துக்குக் கிளம்பினார். கடலில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான் போகிறேன் என்று சபீஹாவிடம் சொன்னார். அவள் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. ஏலக் கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். அவர் நுழைந்ததும் பேச்சு தாழ்ந்தது. நேற்று வரை "வா பாய்" என்றவர்கள் வலையைப் பார்த்துக்கொண்டார்கள். "ரப்பரு வந்துச்சுடா" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. வந்தது தப்போ என்று ஒரு கணம் நினைத்தார். துண்டுகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒருத்தன் பூஜையைப் பற்றி எப்படிப் பேசுவது? கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டார்.

அப்போதுதான் ஜெயவேலுவின் போட்டு கரை ஏறியது. மனுஷன் நனைந்த லுங்கியோடு நேரே கொட்டகைக்குள் வந்து, ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்றார்.

"யோவ்! எல்லாரும் கேளுங்க. பாய் மாட்டினது ஒரிஜினலு. நான்தான் மோட்டார வாசல்ல வச்சி, தண்ணி இல்லாம, ஒரு டப்பா கற்பூரம் எரியற வரைக்கும் ஓட்டினேன். தப்பு என்னோடது. பாய் உள்ள போன துண்ட ஒண்ணு விடாம எடுத்துட்டாரு. இப்ப எட்டு கல் தொலைவு போயிட்டு வரேன், மோட்டாரு குளிர்ந்து கெடக்குது. இனிமே எவனாவது பாய டூப்ளிகேட்டுன்னு சொன்னா, மொதல்ல என்னைக் கேட்டுட்டு சொல்லுங்க!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஒரு டப்பாவாடா என்று ஒருவர் கத்தினார். ஜெயவேலு இறங்கி வந்து அயூபின் கையைப் பிடித்தார். "பாய், நேத்து உன் கடயில எனக்கு வார்த்த வரல."

அயூப் தலையை ஆட்டி, அந்தக் கையை ஒருமுறை அழுத்தினார்.

கூட்டம் கலைந்து டீ குடிக்கப் போனபோது, ஒருவர் பக்கத்தில் வந்து ரகசியமாக நின்றார். "பாய், என் மோட்டாரும் கொஞ்ச நாளா சூடாவுது. ஒரு தடவ பாக்கறியா?"

"நீயும் வாசல்லயா?"

"ஒரே ஒரு கட்டிதான் பாய்."

அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையாக நின்றார்கள். அயூப் வண்டியின் பெட்டியிலிருந்து ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு, முதல் போட்டுக்கு நடக்கும்போதே சபீஹாவுக்குப் போன் போட்டார்.

"மத்தியானச் சோத்துக்கு என்னை எதிர்பாக்காத."

"ஏங்க, இன்னா சொன்னான் அவன்?"

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டான்," என்றார். முதல் போட்டின் மோட்டார் பக்கத்தில் குந்தினார். "நீ சாப்டு. நான் வர்றதுக்கு லேட்டாவும்."